கடலுக்கு முதுகு காட்டி நின்ற அப்பா

எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு நிறைகிற இந்த நாளில், வெயிலைப் பாராமல் பஸ் மாறி வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் ஊராருக்கும் மூத்த மகளாகிய என் வணக்கம். அப்பாவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுது என்று தம்பி சொன்னான். நல்லதை மட்டும் பொறுக்கி எழுத எனக்கு வராது. அவரோடு சண்டை போட்டே வளர்ந்தவள் நான். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

திருச்சுழிக்குத் தெற்கே, கருவேலங்காட்டுக்கு நடுவே இருக்கிற நம் ஊரில்தான் அப்பா பிறந்தார். அவரைப் பெற்றவர்கள் கூலிக்குக் களையெடுத்தவர்கள். வேலையில்லாத மாதங்களில் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுவார்கள். கரி அள்ளிய கையைக் கழுவிக்கொண்டு திருச்சுழிப் பள்ளிக்கூடத்துக்கு நடந்துபோய் எட்டாம் வகுப்பு வரை படித்தார் அப்பா. மல்லாங்கிணற்றிலிருந்து அம்மாவைக் கல்யாணம் செய்து கூட்டிவந்த வருஷம், ஊரில் புதிதாகத் தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். திறந்துவிட ஆள் வேண்டும் என்று பஞ்சாயத்தில் அப்பாவைக் கூப்பிட்டார்கள். அன்று வாங்கிய வால்வு சாவியை முப்பது வருஷத்துக்கு மேல் அவர் கீழே வைக்கவில்லை.

வால்வு சாவி எப்படி இருக்கும் என்று வெளியூர்ச் சொந்தங்களுக்குத் தெரியாது. ஒரு முழ நீள இரும்புக் கம்பி, மேலே குறுக்காக ஒரு பிடி, அவ்வளவுதான். தெருமுனைக் குழிக்குள் அதை விட்டுத் திருகினால்தான் அந்தத் தெருக் குழாயில் தண்ணீர் வரும். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு முறை நாள் உண்டு. எங்கள் தெருவுக்குக் கடைசி முறை. அப்படி வைத்தவரே அப்பாதான்.

“திறந்துவிடுற மனுசன் வீட்டுலயே குடம் காயுது. வெளிய சொன்னா சிரிப்பாக” என்று அம்மா வைவார்.

“முறை வரட்டும்” என்பார் அப்பா. அதற்கு மேல் ஒரு வார்த்தை வாங்க முடியாது.

நான் பெரியமனுஷியாகிச் சடங்கு வைத்த அன்று வீடு நிறைய ஆட்கள். அன்றைக்கும் எங்கள் தெரு வால்வை அவர் திறக்கவில்லை. சைக்கிளில் குடங்களைக் கட்டி, அடுத்த ஊர்க் கிணற்றிலிருந்து எட்டு நடை தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். அந்தக் கோபத்தில் ஒரு மாதம் அவரோடு நான் பேசவில்லை. அருப்புக்கோட்டையில் என் கல்யாணம் நடந்தபோதும் தாலி கட்டி முடிந்த கையோடு, சாப்பிடாமல்கூட, பஸ் ஏறிவிட்டார். வெளியூரில் ஒரு ராத்திரி தங்கியதில்லை. ஊருக்குத்தான் அவர் அப்பா, எங்களுக்கு இல்லை என்று நான் சொல்லாத ஆளில்லை.

கல்யாணமாகி நான் தூத்துக்குடிக்குப் போனேன். அம்மாவுக்கு வாழ்நாளில் இருந்தது ஒரே ஆசை, கடலைப் பார்க்க வேண்டும். அதையும் அப்பாவோடு சேர்ந்துதான் பார்க்க வேண்டும். என் பிரசவத்துக்கு வந்து மூன்று மாதம் எங்கள் வீட்டில் இருந்தவர், கடற்கரைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. “பாத்தா அவுகளோடதான் பாப்பேன். இல்லாட்டி வேணாம்” என்று சொல்லிவிட்டார். என்ன பிடிவாதம்!

அப்பா ஓய்வு பெற்றார். இனி வந்துவிடுவார்கள் என்று காத்திருந்தேன். எங்கே! அவர் வேலைக்குப் புதிதாக வந்த செல்வம் என்கிற பையனுக்குப் பழக்கிக் கொடுக்கிறேன் என்று காலையில் சாவியோடு கிளம்பிவிடுவார். மூன்று தடவை நாள் குறித்து, மூன்று தடவையும் நின்றுபோனது. கடைசியில் அம்மா போனில் என்னிடம், “முட்டி ரெண்டும் போச்சு தாயி. இன்னும் ஒரு வருசம் போனா மணல்ல கால் ஊன மாட்டேன். எனக்குக் கடலு குடுத்துவைக்கல, விடு” என்றார். நான் அப்பாவைக் கூப்பிட்டுக் கத்தினேன். என்ன பேசினேன் என்று இங்கே எழுத முடியாது. அந்தச் சனிக்கிழமையே இருவரும் வந்து இறங்கினார்கள்.

அன்று மாலை என் வீட்டுக்காரர் அவர்களை உப்பளத்துக்குக் கூட்டிப்போனார். கண்ணுக்கு எட்டிய மட்டும் பாத்தி பாத்தியாய் வெள்ளை. அம்மா கையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். அப்பா வாய்க்கால் ஓரம் குத்தவைத்து, ஒருவர் மண்ணை வெட்டித் தண்ணீர் திருப்பிவிடுவதைப் பார்த்தபடி, “இங்கயும் முறை வச்சுத்தான் விடுறாக போலயே” என்று சந்தோஷப்பட்டார்.

ஞாயிறு காலை எல்லோரும் திருச்செந்தூர் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது அப்பாவின் போன் அடித்தது. செல்வம்தான்.

“மாமா, சாவிய எங்க வச்சீக? பெரிய தெருவுல குடத்தோட நிக்கிறாக.”

அப்பா மாற்றுத்துணி வைத்திருந்த மஞ்சள் பையைத் திறந்தார். வேட்டிக்கு அடியில், சாக்குத்துணி சுற்றி, வால்வு சாவி கிடந்தது. சனிக்கிழமை காலை கடைசி வால்வைத் திருகிவிட்டு, எப்போதும் செய்கிற மாதிரியே துடைத்துச் சுற்றிப் பைக்குள் வைத்திருக்கிறார். அதன்மேல் அம்மா துணியை அடுக்கிவிட்டார். ஊரில் இருந்தது அந்த ஒரே சாவி!

“அதான் பையி இந்தக் கனம் கனத்துச்சா! கருப்பட்டின்னுல்ல நெனச்சேன்” என்றார் இவ்வளவு தூரம் பையைத் தூக்கிவந்த என் வீட்டுக்காரர். யாரும் சிரிக்கவில்லை. அப்பா முகம் செத்துப்போயிருந்தது.

“நான் அடுத்த பஸ்ஸுக்குப் போறேன். நீங்க பாத்துட்டு வாங்க.”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. “யப்பா, கடலு அந்தா இருக்கு. அம்மா இத்தன வருசம் உங்களுக்காகத்தான்…” என்று ஆரம்பித்தேன். அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார். அப்பாவிடம் மெதுவாகக் கேட்டார்.

“ஏங்க, பக்கத்து ஊரு வால்வும் நம்ம வால்வு மாதிரிதான?”

“ஆமா.”

“அவுக சாவி நம்ம குழியில சேராதா?”

அப்பா கையிலிருந்த சாவியைத் திருப்பிப் பார்த்தார். முப்பது வருஷத்தில் அவருக்கு இது தோன்றியதே இல்லை. தோன்ற வேண்டிய தேவையும் வந்ததில்லை, சாவி எப்போதும் அவர் கையிலேயே இருந்ததால். உடனே செல்வத்தைப் பைக்கில் பக்கத்து ஊருக்கு அனுப்பினார்.

கடற்கரைக்கு வந்துவிட்டோம். ஆனால் அப்பா கடலைப் பார்க்கவில்லை. போனைக் கையில் இறுக்கிப் பிடித்து, கடலுக்கு முதுகு காட்டி, நம் ஊருக்குப் போகிற பாதைப் பக்கம் பார்த்தபடி நின்றார். பின்னால் அலை இரைகிறது. சனங்கள் முங்கி முங்கி எழுந்து போகிறார்கள். அம்மாவும் பார்க்கவில்லை. கடைசிப் படியில், அப்பாவைப் பார்த்த மாதிரி உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு பேரும் இப்படி இருக்க, நடுவில் நான் அழுதுகொண்டிருந்தேன்.

முக்கால் மணி நேரம் இருக்கும். போன் வந்தது. அப்பா காதில் வைத்து, “குழாயில வந்திருச்சா? நீ கண்ணால பாத்தியா?” என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு போனை என்னிடம் நீட்டிவிட்டு, அம்மாவுக்குக் கை கொடுத்துத் தூக்கினார். இருவரும் சேர்ந்து திரும்பினார்கள்.

அந்த நிமிஷத்தை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவின் தோளில் கிடந்த துண்டை அவரே எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார், கோயிலில் சாமிக்கு முன் கட்டுவது மாதிரி. அம்மாதான் முதலில் வாய் திறந்தார்.

“ஆத்தாடி! இம்புட்டுமா?”

அப்பா மெல்லக் கேட்டார், “இதுக்குக் கரை எங்கிட்டு இருக்கு தாயி?”

“இந்தப் பக்கம் மட்டுந்தான்ப்பா தெரியும்.”

குடம் குடமாய் அளந்து திறந்துவிட்ட மனுஷர், அளவே இல்லாத தண்ணீர் காலடிக்கு வந்து வந்து திரும்புவதைப் பார்த்துக் கைகூப்பி நின்றார். அம்மாவைக் கையைப் பிடித்து இறக்கிக் கூட்டிப்போனார். முதல் அலையிலேயே இருவரும் மணலில் உட்கார்ந்துவிட்டார்கள். அறுபது வயதைத் தாண்டிய இரண்டு பேர் பச்சைப்பிள்ளைகள் மாதிரி சிரித்ததை என் கண்ணால் பார்த்தேன். அவர்கள் அப்படிச் சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

குளித்து எழுந்து நாழிக்கிணற்றுக்குப் போனோம். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்க, அங்கே ஊறுகிற தண்ணீரை அப்பா உள்ளங்கையில் ஏந்தி வாயில் வைத்தார். “உப்பு இல்லடி!” என்று அம்மாவுக்கும் ஊட்டினார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. “இது எவன் கையிலயும் சாவி இல்லாம வருது” என்றார்.

சாயங்காலம் ஊருக்குக் கிளம்ப வேண்டியவர் செல்வத்தைக் கூப்பிட்டு, “அவுக சாவியவே தெனமும் வாங்கித் திருப்பிக் குடுத்துச் சமாளி. நான் நாலு நாளு கழிச்சு வாரேன்” என்றார். அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்த நாலு நாளும் தூத்துக்குடிக் கடற்கரையில் சாயங்காலமானால் இருவரும் மணலில் உட்கார்ந்து அவித்த கடலை தின்றுகொண்டு, வருகிற கப்பலையெல்லாம் எண்ணினார்கள். பேரப்பிள்ளைகள் விளையாட, அப்பா கடலை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். அதற்குப் பிறகும் ஆடிக்கும் தைக்கும் தவறாமல் வந்தார்கள்.

போன வருஷம் அப்பாவுக்கு நெஞ்சு வலி கண்டது. ஆஸ்பத்திரியில் சில நாள், வீட்டில் சில நாள் இருந்தார். கட்டிலில் படுத்தபடி, “கடலு அப்படியேதான இருக்கு?” என்று என்னிடம் கேட்பார். இருக்குப்பா என்பேன். ஒரு விடியற்காலையில் அம்மா கையைப் பிடித்திருக்கும்போதே அமைதியாகக் கண்ணை மூடினார்.

ஆஸ்பத்திரிக்குக் காரில் கொண்டுபோன உறவினர்களுக்கும், முறை வைத்து எங்கள் வீட்டுக்குச் சோறு கொண்டுவந்த தெருவாருக்கும், கடைசிவரை கூடநின்ற ஊராருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. அன்று முகம் சுளிக்காமல் சாவி கொடுத்த பக்கத்து ஊர் அண்ணனுக்குத் தனியாக ஒரு கும்பிடு. அவர் கொடுக்காவிட்டால் அம்மாவுக்குக் கடல் இல்லை.

இன்னும் ஒருவருக்கு நன்றி சொல்ல வேண்டும். அப்பாவைக் குளிப்பாட்ட நீர்மாலை எடுக்க வேண்டிய நேரத்தில் கண்மாய் வறண்டு கிடந்தது. எங்கள் தெருவுக்கு முறை வர இன்னும் இரண்டு நாள் இருந்தது. என்ன செய்வதென்று சொந்தக்காரர்கள் குடத்தோடு நின்றபோது, யாரும் கேட்காமலே செல்வம் தெருமுனைக்குப் போய், அப்பாவின் சாவியால் எங்கள் தெரு வால்வைத் திறந்தார். முறை இல்லாத நாளில் எங்கள் குழாயில் தண்ணீர் கொட்டியது என் ஆயுளில் அது ஒரே தடவை. குடம் குடமாய் நிறைய நிறைய நான் வாய்விட்டு அழுதேன்.

நீர்மாலைக் குடங்கள் வீட்டுக்குள் வந்தன. அப்பாவின் தலைமாட்டில் அழுதுகொண்டிருந்த அம்மா, வாசலில் குழாய்ச் சத்தம் கேட்டு நிமிர்ந்தார். கண்ணைத் துடைத்துவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டார்.

“போதும், மூடச் சொல்லுப்பா. மத்த தெருவுக்கு வேணும். அவுக இருந்தா இந்நேரம் மூடியிருப்பாக.”