பந்தாட்டத்தில் எண்ணிய வருஷங்கள்

பதுளை அரசாங்கக் கச்சேரியின் மர வாங்கில், இலங்கைப் பிரஜாவுரிமை விசாரணைக்கு வந்த கூட்டத்தில், அவர் என்னருகே உட்கார்ந்திருந்தார். தோட்டத் தொழிலாளி, ஒடிந்த மூக்கு, தொளதொளத்த கறுப்புக் கோட்டு. எதைப் பேசினாலும் தன் தோட்டத்து மேல், கீழ்ப் பிரிவுகளின் பந்தாட்டத்துக்கே வந்துவிடுவார்.

"இந்த வாட்டி எங்க மேல் டிவிசன்தான் தம்பி. கீழ் டிவிசன்காரனுக்கு ஓடவே மூச்சு இல்ல."

அவரை உள்ளே அழைத்தார்கள். "எந்த ஆண்டிலயிருந்து இஞ்ச இருக்கிறாய்?" என்ற கிளாக்கரின் குரல் வெளியே கேட்டது.

"கீழ் டிவிசனுக்கு மூணு கோல் போட்டோமே, அதுக்கு முந்தின வருஷங்க. அன்னைக்கு விசில் ஊதின துரையக் கேளுங்க."

தோட்டத்தை நடத்திய அந்த வெள்ளைக்காரத் துரை சீமைக்குப் போய்விட்டிருந்தார். மனு தள்ளுபடியானது; இனி அவரை இந்தியாவுக்கு அனுப்பிவிடலாம்.

சில வாரம் கழித்து அவர்கள் மேட்சுக்குப் போனேன். மேல் டிவிசன் தோற்றது.

"அடுத்த வருஷம் விடமாட்டோம் தம்பி," என்றார்.

எந்த நாட்டிலிருந்து என்று நான் கேட்கவில்லை.