மெயின்லேண்டில் ஒரு கடை

புரோத்ராபூரில் எங்கள் வீட்டுக்கு நான்கு ஜன்னல்கள். மூன்றாவது ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, உள்ளே மகள் போனில் பேசுவது காதில் விழுந்தது.

"ஐலண்ட்ல ஒரு ஆளும் எட்டிப் பாக்கல. மெயின்லேண்ட்ல இடம் பாத்துட்டேன். இந்த மாசமே மாறிடுறேன்."

கையிலிருந்த சட்டையை மடிக்காமலே வைத்துவிட்டேன். தீவில் இருக்கிற எங்களுக்கு மெயின்லேண்ட் என்றால் சென்னையோ கொல்கத்தாவோ, கப்பலேறிப் போகிற அக்கரை. மனைவி போனபிறகு இந்த வீட்டில் நாங்கள் இருவர்தான். இரண்டில் ஒன்று போனால் மிச்சம் யார் என்று எனக்குத் தெரியும்.

இரண்டு நாள் பரண்மேல் இருந்த அவளுடைய பெட்டிகளை எண்ணிப் பார்த்தேன், குறையவில்லை. மூன்றாம் நாள் சாப்பிடும்போது, கப்பலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்றா என்று கேட்டேன்.

எந்தக் கப்பல் என்றாள். நான் கேட்டதைச் சொன்னதும் புறங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அரே அப்பா, அது கம்ப்யூட்டருக்குள்ள இருக்கிற மெயின்லேண்ட்."

காட்டவும் செய்தாள். இணையத்துக்குள் ஓர் உலகம். கடல், தெரு, கடை எல்லாம் உண்டு. போகிறவர்கள் ஆளுக்கோர் உருவம் எடுத்துக்கொண்டு நடக்கிறார்கள். அங்கேயும் பெரிய நிலப்பரப்புக்கு மெயின்லேண்ட் என்றுதான் பெயர். இவள் ஒரு குட்டித் தீவில் கடை போட்டு, அந்த உருவங்களுக்கு ஜிமிக்கி விற்றிருக்கிறாள். இல்லாத காதுக்கு நகை. வாங்குகிற பணம் மட்டும் நிஜம். இங்கே ஆள் நடமாட்டம் குறைந்த லாங் ஐலண்டில் கடை விரித்துவிட்டு டவுன் பஜார் கூட்டம் வரவில்லை என்றால் எப்படி? அதனால் இடம் மாறுகிறாள். அது எனக்குப் புரிந்தது.

பயம் அத்தோடு தீர்ந்திருக்க வேண்டும். ஆனால் வியாபாரம் பிடித்துக்கொண்டால் நிஜ மெயின்லேண்டுக்கே போகவேண்டி வரலாம் என்று அவளே சொன்னாள். பகலில் அவளுக்கு ஆபீஸ். கடையைப் பார்க்க ஆளில்லை. மழை வந்தால் இங்கே நெட் தங்குவதில்லை; அக்கரையில் அப்படியில்லை.

"பகல்ல நான் உக்காரட்டுமா?"

"நீங்களா? வர்றவங்களை எண்ணிட்டு இருப்பீங்க, விக்க மாட்டீங்க."

இருந்தாலும் எனக்கோர் உருவம் செய்துகொடுத்தாள். தலையில் எனக்கு எந்த வயதிலும் இல்லாத முடி.

முதல் நாள் பதினொரு பேர் வந்தார்கள். திரும்பத் தெரியாமல் பாதி நேரம் சுவரைப் பார்த்து நின்றேன். நீலக் கூந்தல் வைத்த ஒரு பெண் உருவம், இதே ஜிமிக்கி பச்சையில் கிடைக்குமா என்று ஆங்கிலத்தில் கேட்டது. மகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிக்கொண்டிருந்தபோது வெளியே மழை பிடித்தது. அந்தப் பெண் தூக்கிய கையோடு திரையில் உறைந்து நின்றாள். தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்காமல் காத்திருந்தேன். நெட் வந்தபோது அவள் இல்லை. பிறகும் இரண்டு முறை நெட் போய்விட்டு வந்தது. அந்த நேரத்தில் எத்தனை பேர் வந்து திரும்பினார்களோ, அதை எண்ண வழியில்லை.

சாயங்காலம் மகள் குடையை உதறிக்கொண்டு வந்தாள். முதலில் பச்சை ஜிமிக்கியைச் சொன்னேன். முகம் மலர்ந்தது. அடுத்து, "நெட் போச்சாப்பா?" என்றாள்.

போகவில்லை என்று சொல்லியிருக்கலாம். எண்ணியதை மாற்றிச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

"மூணு தடவை."

"டீக் ஹை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் கம்ப்யூட்டரில் பச்சைக் கல் தேட உட்கார்ந்தாள். இங்கே இருப்பதற்கா, போவதற்கா அந்தச் 'சரி' என்று நான் கேட்கவில்லை. மறுநாள் காலை ஆபீஸுக்குக் கிளம்புமுன் கடையை எனக்குத் திறந்து வைத்தாள். வானம் அப்போதும் இருட்டிக்கொண்டுதான் இருந்தது.