சாகுல் பாயின் இடது பக்கம்

அன்று காலை ஏழு மணிக்கு நான் வீட்டு கேட்டருகே சைக்கிள் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன். ஆறே முக்காலுக்கு வருகிறேன் என்று சொன்ன மனிதர் வரவில்லை. 'வரட்டும், இன்றைக்கு நன்றாகக் கேட்டுவிடுகிறேன்' என்று மனதுக்குள் வசனம் தயார் செய்துகொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. சாகுல் பாயின் மைத்துனர். "மணியண்ணே, மச்சான் போயிட்டாருண்ணே. கடையத் தொறந்துட்டு நாற்காலில உக்காந்தாரு. அப்படியே போயிட்டாரு" என்றார். நான் "சரி" என்றேன். பிறகு பின் டயருக்கும் காற்றடித்து முடித்தேன். ஏன் அப்படிச் செய்தாய் என்று என் மனைவி இன்னும் கேட்கிறாள். தெரியவில்லை.

நம் சைக்கிள் குழுவினர் என்னை எழுதச் சொன்னார்கள். "நீங்கதான் அவரு கூட ரொம்ப இருந்தீங்க, நீங்களே எழுதுங்க" என்றார்கள். எழுதுகிறேன். ஆனால் அவரைப் பற்றி நீங்கள் எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் கதை ஒன்று இருக்கிறது. அவர் கடலுக்கு நடுவில் டீ ஆற்றிக்கொண்டிருந்த கதை. அதை நான் திருத்த வேண்டியிருக்கிறது. கடைசிவரை படியுங்கள்.

நம் ஊர் ரெங்கத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சாகுல் பாய் கடைத்தெருவில் சாப்பாட்டுக்கடை வைத்திருந்தார். வயது ஐம்பத்தொன்று. நான் அவரைவிட இரண்டு வயது மூத்தவன். குளுவாங் பக்கம் ஒரு நாற்காலி மேசைத் தொழிற்சாலையில் ஸ்டோர்கீப்பர். வேலை முடிந்து வரும் வழியில் அவர் கடையில் டீ குடிப்பேன். டீயில் சீனி அதிகம் என்று நான் குறை சொல்வேன். "வாயில கசப்பு இருக்கிறவங்களுக்கு அப்படித்தாண்ணே போடணும்" என்பார். எங்கள் நட்பு பல வருடம் அந்த அளவில்தான் இருந்தது.

அவருடைய மகள் பர்வீன் சிங்கப்பூரில் வேலை செய்கிறாள். போன வருடத்துக்கு முந்தின வருடம் ஒரு விளம்பரத்தைக் கைபேசியில் காட்டினாள். மெர்சிங் பக்கத்துக் கடற்கரை ஒன்றில் டிரையத்லான், அதிலும் புதியவர்களுக்கு ஏற்ற சின்னப் பந்தயம். எழுநூற்றைம்பது மீட்டர் நீச்சல், இருபது கிலோமீட்டர் சைக்கிள், ஐந்து கிலோமீட்டர் ஓட்டம், மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக. பாய்க்கு அப்போது சர்க்கரை ஏறியிருந்தது. டாக்டர் நடக்கச் சொல்லியிருந்தார். நடக்கச் சொன்னவனை நீந்தச் சொல்கிறாளே என்று திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என்னைச் சமையலறைப் பக்கம் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"அண்ணே, எங்கத்தா கடற்கரை ஊர்ல பொறந்தவரு. அலைக்குள்ள முங்கி எழுந்தவரு. நான் கழுத்தளவு தண்ணில நின்னதே இல்ல. சாகறதுக்குள்ள ஒரு வாட்டி கடல்ல நீந்தி கரையேறணும்லா. வெளிய சொல்லாதீங்க."

"நானும் வர்றேன்" என்று சொல்லிவிட்டேன். என் வாய் எப்போதும் என்னை முந்திக்கொள்ளும். ஆனால் அன்று அது வாய்த்துடுக்கு மட்டும் இல்லை. நான் எதையும் முடித்தவனில்லை. எலக்ட்ரிக் படிப்பு மூன்று மாதம். ஆர்மோனியம் ஆறு வாரம். வீட்டுக்குப் பின்னால் நான் கட்டத் தொடங்கிய சுவர் இடுப்பளவில் நிற்கிறது. என் மனைவி அதை வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் காட்டுவாள். ஒன்றையாவது முடித்துவிட வேண்டும் என்று இருந்தது. பாயிடம் இதைச் சொல்லவில்லை. அவருக்குச் சுவரைத் தெரியும்.

குளுவாங் நீச்சல்குளத்தில் வாரம் மூன்று நாள், மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் கலைந்த பிறகு பயிற்சி. நான் தோட்டத்தில் வளர்ந்தவன். அங்கே ஆற்றில் நீந்தியிருக்கிறேன், ஆனால் தலையைத் தூக்கிக்கொண்டே நீந்துகிறவன். அவர் ஆரம்பத்திலிருந்து ஆரம்பித்தார். முதல் வாரம் குளத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் தண்ணீரில் வைத்து எடுப்பதோடு சரி. அவசரப்படச் சொன்னேன். "ரொட்டி மாவ அவசரமா இழுத்தா கிழிஞ்சிடும்ணே. என் நுரையீரலும் மாவுதான்" என்றார். நான்கு மாதத்தில் நீந்தினார். அழகாக இல்லை, ஆனால் நீந்தினார்.

ஒரே ஒரு தொல்லை. மூச்சு வாங்க அவருக்குத் தலை இடது பக்கம் மட்டுமே திரும்பியது. வலது பக்கம் திருப்பினால் தண்ணீர் குடித்துவிடுவார். அதைவிட மோசம், முன்னால் பார்க்க அவருக்கு வரவே வராது. பார்க்கத் தலையைத் தூக்கினால் கால் இறங்கிவிடும். அதனால் நாங்கள் ஒரு வழி கண்டுபிடித்தோம். நான் அவருடைய இடது பக்கம் நீந்துவேன். அவர் முன்னால் பார்க்க வேண்டாம், என்னைப் பார்த்தால் போதும். நான் நேராகப் போனால் அவரும் நேராக வருவார். அவரைப் பார்த்துக்கொள்வதற்காக நான் மூச்சுக்கு வலது பக்கம் திரும்பப் பழகிக்கொண்டேன். பல மாதங்கள் தண்ணீருக்குள் நாங்கள் முகத்துக்கு முகம் வாயைப் பிளந்துகொண்டு நீந்தினோம். குளத்துக்கு வரும் சீனப் பிள்ளைகள் கரையில் நின்று சிரித்தன. பயிற்சியாளர் ஒருவர் இருந்திருந்தால் இந்த ஏற்பாட்டை முதல் நாளே நிறுத்தியிருப்பார். எங்களுக்கு யார் இருந்தார்கள்? எங்கள் மூளைதான் இருந்தது.

சைக்கிளில் கதை வேறு. அங்கே அவர் என்னைவிட வேகம். எண்ணெய் எடுக்கிற செம்பனைத் தோட்டத்துச் சாலையில், குலை ஏற்றிய லாரி வந்தால் மட்டும் ஒதுங்கி, மற்றபடி பறப்பார். ஆனால் லாயாங் லாயாங் ஊருக்குப் போகிற வழியில் ஒரு வளைவில் ஐந்தாறு நாய்கள் உண்டு. அந்த வளைவுக்கு முன்னால் தினமும் நிறுத்திவிடுவார்.

"நீங்க முன்னாடி போங்கண்ணே. அது எச்சில் பட்டா எங்க மார்க்கப்படி நான் மண்ணப் போட்டு ஏழு வாட்டி கழுவணும். உங்களுக்கு ஒரு ஊசியோட முடிஞ்சிடும்."

"நல்லா இருக்கே நியாயம்! கடி மட்டும் எனக்கா?"

"கத்தாதீங்க, அதுங்களுக்குத் தமிழ் புரியாது" என்று சொல்லிவிட்டு, நாய்களைப் பார்த்து மலாயில் மரியாதையாக, "தும்பாங் லாலு, யா" என்பார். கொஞ்சம் வழி விடுங்கள் என்று அர்த்தம். ஒரு நாளும் கடி விழவில்லை. மரியாதைக்கு மதிப்புக் கொடுத்த நாய்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

பந்தய நாள் வந்தது. கடற்கரையில் நின்றபோது அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. ஓதுகிறார் என்று தெரிந்தது. முடித்ததும் என் கையைப் பிடித்தார். "இடது பக்கம்ணே" என்றார். "இடது பக்கம்தான், எங்கே போறேன்" என்றேன்.

இனி நான் திருத்த வேண்டிய கதைக்கு வருகிறேன். தண்ணீரில் மூன்று ஆரஞ்சு மிதவைகள். அவற்றைச் சுற்றிக்கொண்டு குறித்த நேரத்துக்குள் கரையேற வேண்டும். தாமதித்தால் சைக்கிளைத் தொட விடமாட்டார்கள். முதல் மிதவைக்கு முன்பே பாய் இரண்டு முறை நின்றார். உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறி இருமினார். இரண்டு முறையும் நானும் நின்றேன். மற்றவர்கள் எல்லாம் எங்களைத் தாண்டிப் போய்விட்டார்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இந்த வேகத்தில் போனால் இரண்டு பேருமே வெளியே என்று கணக்குப் புரிந்தது. எனக்குக் கோபம் வந்தது. நண்பர் மீது, கடல் மீது, இடுப்பளவு நிற்கும் அந்தச் சுவர் மீது. ஐயோ, அலமாக்! இதையும் பாதியில் விடப்போகிறேனா என்று தோன்றியது.

இரண்டாவது மிதவையைத் தாண்டியதும் நான் கொஞ்சம் வேகம் கூட்டினேன். நான்கைந்து கைவீச்சு முன்னால் போயிருப்பேன். "மணியண்ணே!" என்று குரல் கேட்டது. வலது பக்கம் திரும்பிப் பார்த்தேன். பச்சைத் தொப்பியும் அதற்குக் கீழே அவர் முகமும் தெரிந்தன. அவர் மூழ்கவில்லை, பாதுகாப்புப் படகு பக்கத்திலேயே இருந்தது. இதை எனக்குச் சாதகமாக எழுதவில்லை, இருந்தது என்பதால் எழுதுகிறேன். நான் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தேன். அங்கிருந்து கரைவரை மூச்சுக்கு இடது பக்கமே திரும்பினேன்.

நேர எல்லைக்கு மிகக் கொஞ்சம் முன்னால் கரையேறினேன். வழிகாட்ட ஆளில்லாமல் பாய் கடல் பக்கமாக விலகிப் போய், படகுக்காரர் கத்தித் திருப்பிவிட, எல்லாருக்கும் கடைசியாக வந்து சேர்ந்தாராம். கரையில் நின்ற அதிகாரி, "மாசா டா ஹபிஸ், பாக்சிக்" என்றாராம். நேரம் முடிந்துவிட்டது மாமா, அவ்வளவுதான்.

நான் சைக்கிளும் ஓட்டி, ஓடியும் முடித்து, பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தபோது, முடிவுக் கோட்டுக்கு அப்பால் ஒருவர் என் சிலிப்பரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "முடிச்சிட்டீங்கண்ணே! முடிச்சிட்டீங்க!" என்று என்னைவிட அதிகம் சத்தம் போட்டார். "மணல் சுடுது, சிலிப்பரப் போடுங்க முதல்ல."

"கூப்பிட்டீங்களா பாய்? அலைச் சத்தத்துல எனக்குக் கேக்கல" என்றேன். அவர் கேட்பதற்கு முன்பே நானே சொன்னேன்.

"கூப்பிட்டேன் போல. ஞாபகம் இல்லண்ணே" என்றார்.

மறுநாள் கடையில் நீங்கள் எல்லோரும் சூழ்ந்துகொண்டு கேட்டபோதுதான் அவர் அந்தக் கதையைச் சொன்னார். "கடலுக்கு நடுவுல ஒருத்தன் டீ கேட்டான்லா. ஆத்திக் குடுத்துட்டு வர்றதுக்குள்ள நேரம் முடிஞ்சிடுச்சு." எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். என் சிரிப்புத்தான் சத்தமாக இருந்திருக்கும்.

இந்த வருடப் பந்தயத்துக்கு மறுபடியும் இருவரும் பெயர் கொடுத்தோம். இரண்டு மாதம் முன்பு குளத்தில் பார்த்தேன்: பாய் வலது பக்கமும் திரும்பி மூச்சு வாங்குகிறார். தண்ணீர் குடிக்கவில்லை. அதுமட்டுமா, ஆறு கைவீச்சுக்கு ஒரு முறை தலையை லேசாகத் தூக்கி முன்னாலும் பார்க்கிறார். நான் இல்லாத நாட்களில் தனியாக வந்து பழகியிருக்கிறார். "அட, எப்போ பாய் இதெல்லாம்?" என்று கேட்டேன். "ரெண்டு பக்கமும் ஒரே காத்துத்தாண்ணே" என்றார். முதுகில் தட்டிக்கொடுத்தேன். முன்னேறிவிட்டார் என்று மகிழ்ந்துகூடப் போனேன். எனக்கு மண்டையில் எதுவும் உறைக்கவில்லை.

அவரை அடக்கம் செய்த மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனேன். பர்வீன் வாசலுக்கு வந்தாள். அவருடைய நீச்சல் பையைக் கையில் வைத்திருந்தாள். கண்ணாடி, பச்சைத் தொப்பி, முழங்காலுக்குக் கீழே வரும் கறுப்புக் கால்சட்டை. "மாமா, இத நீங்க வச்சுக்கோங்க. அம்மா சொன்னாங்க" என்றாள்.

சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். "பர்வீன், போன தடவ கடல்ல உங்கத்தா என்னைக் கூப்பிட்டாரும்மா..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும் மாமா" என்றாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "நீங்க திரும்பிப் பாத்தீங்க, அப்புறம் போயிட்டீங்கன்னு அத்தா அன்னிக்கே வீட்டுல சொன்னாரு. நான்தான் உங்ககிட்ட ஏன் கேக்கலன்னு சண்ட போட்டேன். 'விடும்மா, அண்ணன் ஒண்ணாச்சும் முடிக்கட்டும். பாவம், என்னப் பாக்கறதா, பந்தயத்த முடிக்கிறதான்னு அவருக்குக் கஷ்டமாயிருக்கும். அடுத்த வாட்டி அந்தக் கஷ்டம் அவருக்கு வேணாம், நான் வலது பக்கமும் பழகிக்கிறேன்'னாரு."

நான் பையை வாங்கிக்கொண்டேன். வேறு என்ன செய்வது? வீட்டுக்கு வரும் வழியில் அந்த வளைவில் நாய்கள் குரைத்தன. காரை நிறுத்தி அழுதேன்.

ஆகவே நண்பர்களே, கடலில் யாரும் டீ கேட்கவில்லை. கூப்பிட்டவர் அவர். கேட்டும் போனவன் நான். இனிக் கடையில் அந்தக் கதையைச் சொல்லும்போது இப்படிச் சொல்லுங்கள். அவர் பந்தயத்தைத்தான் முடிக்கவில்லை. கடலில் நீந்தினார், கரையேறினார். நான் பார்க்கவில்லை என்றாலும் நடந்தது அதுதான்.

பந்தயம் மூன்று வாரத்தில் வருகிறது. நான் போகிறேன். பதக்கம் இழுப்பறையில் கிடக்கிறது. அதை அவர் நினைவு என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒரு பழக்கம்தான். நேற்று குளத்தில் தனியாக நீந்தினேன். இரண்டு கைவீச்சுக்கு ஒரு முறை தலை வலது பக்கம் திரும்புகிறது. அந்தப் பக்கம் யாரும் இல்லை. இடது பக்கம் திரும்பியும் என்னால் மூச்சு வாங்க முடியும். திரும்புவதில்லை.