ஞானசுந்தரத்தின் பற்றுப் பட்டியல்

என் கணவர் ஞானசுந்தரம் இன்னொருத்தியோடு போகப் பார்த்திருந்தால் நான் சும்மா இருந்திருப்பேனா? அவள் வீட்டு வாசலுக்கே போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். இந்த மனுஷன் போகப் பார்த்ததோ மோட்சத்தோடு. அதற்கு வாசல் எங்கே, யாரைப் பிடித்துக் கேட்பது?

அவர் பருத்தித்துறைக்காரர். காணி அலுவலராக மாத்தளைக்கு மாற்றலாகி வந்து, இங்கேயே வீடு கட்டி, இங்கேயே ஓய்வு பெற்றவர். நான் சுசீலாதேவி, கணிதம் படிப்பித்து ஓய்ந்தவள். ஒரே மகள் வாகினி வவுனியாவில் வேலை பார்க்கிறாள். ஓய்வு பெற்ற மறுவாரம் அவர் ஒரு புதுக் கொப்பி வாங்கிவந்து, முதல் பக்கத்தில் நாலு கட்டம் போட்டார். அறம், பொருள், இன்பம், வீடு. மனிதராய்ப் பிறந்ததன் நோக்கம் இந்த நாலும்தான் என்று எனக்கே பாடம் எடுத்தார். கை சுத்தமாக உத்தியோகம் பார்த்தாயிற்று, அறத்துக்கு ஒரு சரி. கூரையும் ஓய்வூதியமும் இருக்கிறது, பொருளுக்கு ஒரு சரி. மூன்றாவது கட்டத்திலும் பேனையைக் கொண்டுபோனார்.

“இன்பமும் முடிஞ்சுதோ?” என்று கேட்டேன்.

“ஓம், அதுவும் முடிஞ்சுது.”

“எப்ப முடிஞ்சது? எனக்கு ஒருத்தரும் அறிவிக்கேல்லையே!”

மனுஷன் சிரிக்கவில்லை. இல்லறம் முடிந்தால் அடுத்தது வானப்பிரஸ்தம், காட்டுப் பக்கம் ஒதுங்கி வீடுபேற்றை நினைத்து இருக்கும் காலம் என்றார். மலைக்கு அந்தப் பக்கம் பல்லேகமவில் அவருடைய பழைய சிநேகிதர் ஜமால்தீனுக்கு வயலும், வயலோரம் ஓர் அறையும் உண்டு. அதில் போய்த் தனியாக இருக்கப் போகிறாராம்.

“பெண்சாதியையும் கூட்டிக்கொண்டு போகலாமெண்டு சாஸ்திரத்தில இருக்குத்தானே?” என்றேன். நானும் கொஞ்சம் வாசித்தவள்தான்.

“இருக்கு. ஆனா நீர் வந்தா அங்கயும் குடும்பம்தானே, சுசீலா.”

அன்றைக்குப் பிடித்தது எனக்கு. பொறாமைதான், வேறு பெயர் சொல்லி மழுப்ப மாட்டேன். விடிய நாலரைக்கு எழும்பிக் குளித்து, திருநீறு பூசிக் கண்ணை மூடி உட்காருவார். அப்போது அவர் முகத்தில் ஒரு களை வரும். கலியாணமான புதிதில் அதே களையை நான் பார்த்திருக்கிறேன், என்னைப் பார்க்கும்போது வரும். இப்போது வேறு யாருக்கோ வருகிறது! வேண்டுமென்றே அந்த நேரம் பார்த்துச் சம்பலுக்குக் கிரைண்டரைப் போட்டேன். ஓர் இமை அசையவில்லை. பாத்திரத்தைக் கீழே போட்டேன். அதற்கும் அசையவில்லை.

வாகினிக்கு வாட்ஸ்அப்பில் சொன்னால், “அப்பாவை விடுங்கோ அம்மா, பாவம்” என்கிறாள். மதிலுக்கு அந்தப் பக்கம் ஹமீமா இருக்கிறாள், இருபது வருடப் பழக்கம். அவளிடம் சொன்னேன்.

“அட அல்லாஹ்வே! எங்கட ஊட்டுக்காரர் மிளகுக் கடைய விட்டு அரை நாள் அசைய மாட்டாரு. உங்கட ஐயா சொர்க்கத்துக்கே வழி தேடுறாரு. நீங்க குடுத்து வச்சவங்க டீச்சர்” என்றாள்.

கொடுத்து வைத்தவளாம்!

இப்படியே ஐந்து மாதம் போயிற்று. ஒரு திங்கட்கிழமை என் முன்னால் ஒரு கடிதத்தை வைத்தார். மனைவியின் சம்மதம் இல்லாமல் புறப்படக் கூடாது என்று எங்கேயோ படித்திருக்கிறார். அதைப் பக்கத்தில் உட்கார்ந்து வாயால் கேட்க வேண்டியதுதானே? இல்லை, டைப் செய்த கடிதம், மூன்று பிரதி. ‘மேற்படி விடயம் தொடர்பாக’ என்று தொடங்கியது. முப்பத்து நாலு வருடம் கூட வாழ்ந்தவள் மேற்படி விடயம்!

“ஒண்டு உமக்கு, ஒண்டு எனக்கு, மற்றது கோவையில போட்டு வைக்க” என்றார். “வியாழக்கிழமை பஸ்சுக்குப் போகலாமெண்டு இருக்கிறன்.”

வாசித்துவிட்டுக் கையெழுத்து வைக்கிறேன் என்றேன். அவர் சந்தைக்குப் போனதும் நேரே அந்தக் கொப்பியை எடுத்தேன். களவுதான். இரண்டாம் பக்கத்தில் ‘விட வேண்டிய பற்றுகள்’ என்று ஒரு பட்டியல். தேநீரில் சீனி, கிரிக்கெட், வெற்றிலை, காலைப் பத்திரிகை, முற்றத்து ஜம்பு மரம். ஒவ்வொன்றும் கோடு போட்டு வெட்டி, திகதியும் சிறு கையொப்பமும். ஒன்பதாவது வாகினி. அவளையும் வெட்டி, ஓரத்தில் ‘மிகுந்த மனவருத்தத்துடன்’ என்று எழுதியிருந்தார். பதினொன்றோடு பட்டியல் முடிந்தது.

என் பெயர் இல்லை. பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், முன்னும் பின்னும் பார்த்தேன், இல்லவே இல்லை. வெற்றிலை மேல் பற்று இருந்திருக்கிறது. என் மேல் வெட்டுவதற்குக்கூட ஒன்றும் இருக்கவில்லை! ஜன்னலால் அந்த ஜம்பு மரத்தைப் பார்த்தேன். கத்தி எடுத்துப் போய்த் தறித்துவிடலாமா என்றிருந்தது.

அவர் மரக்கறிப் பையோடு உள்ளே வந்தபோது கொப்பி மேசையில் விரித்துக் கிடந்தது. என் சிவப்புப் பேனையை எடுத்து, அவர் கண் முன்னாலேயே எழுதினேன். பன்னிரண்டு, சுசீலாதேவி.

“இந்தாங்கோ பேனை, வெட்டுங்கோ. வெட்டினாப் பிறகு மூண்டு பிரதியிலயும் கையெழுத்து வைக்கிறன். ஜம்பு மரத்துக்குக் குடுத்த மரியாதையை எனக்கும் தாங்கோவன்!”

பேனையை வாங்கினார், கதிரையில் உட்கார்ந்தார். என் பெயரின் முதல் எழுத்தருகே பேனையைக் கொண்டுபோய் அப்படியே வைத்திருந்தார். கடைசியில் மூடியைப் போட்டு, பேனையை என் பக்கம் தள்ளினார்.

“எதுக்கு இதை எழுதினனீர்?” என்றார். “எழுதினா வெட்ட வேணும். எல்லாத்தையும் வெட்டினாத்தான் போகலாம். உம்மட பேரை என்னால வெட்ட ஏலாதெண்டு எனக்குத் தெரியும். அதுதான் எழுதாமல் விட்டனான்.”

“அப்ப கள்ளப் பட்டியலோ?”

“ஓம். கள்ளப் பட்டியல்தான்.”

ஒரு காணிக் கோவையிலும் ஒரு வரி மறைத்தறியாத மனுஷன், கடவுளுக்குப் போகிற கோவையில் என்னை மறைத்திருக்கிறார். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மூன்று பிரதியையும் மடித்து அவர் கையிலேயே கொடுத்தேன், கையெழுத்து இல்லாமல்.

வியாழக்கிழமை காலை பல்லேகம பஸ் எங்கள் சந்தியைத் தாண்டி ரிவர்ஸ்டன் மலைப் பக்கம் போனது. அவர் வாசலில் நின்று அது மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே வந்து, சீனி போட்டுத் தேநீர் கேட்டார். ஐந்து மாதமாக நான்தான் மோட்சத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். அன்றைக்கு அது என்னைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கும்.