மூச்சிடமிருந்து மீட்டுத் தந்த கை

ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் கடை ஷட்டரை முழுக்க ஏற்றுவதற்குள் போன் வந்தது. எஸ்தரம்மாவின் மகள். டெல்லியிலேயே பிறந்த பெண். தமிழ் தட்டுத்தடுமாறித்தான் வரும். "அங்கிள், மம்மி போயிட்டாங்க." எங்கே என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது. மாரடைப்பாம்.

ஜனக்புரியில் அவரிடம் பிசியோதெரபிக்குப் போன உங்களுக்கெல்லாம் அவர் கண்டிப்பு தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஏன் என் கடையில் வந்து நின்றார் என்பது தெரியாது. அதைச் சொல்கிறேன்.

நான்கு வருடம் முன்பு மோட்டார் சைக்கிளோடு விழுந்தேன். வலது கைக்குப் போகும் நரம்புகள் கழுத்தோரத்தில் வேரோடு பிய்ந்துவிட்டன. மூச்சு விட உதவும் விலா நரம்புகள் சிலவற்றைத் திருப்பிக் கைத்தசையோடு இணைத்தார்கள் டாக்டர்கள். பல மாதம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு நாள், எஸ்தரம்மா சொன்னபடி மூச்சை ஆழமாக இழுத்தேன், முழங்கை மடங்கியது. நான் அழுதேவிட்டேன். அவர் அசரவில்லை.

"இது இன்னும் ஒங்க கை இல்ல அண்ணாச்சி. மூளை நெஞ்சுக்குன்னு போடுத தபால்தான் கைக்கு வருது. இனிமே கைக்குன்னே எழுத அது படிக்கணும். நாளாகும்." அவர் தூத்துக்குடி, நான் கோவில்பட்டி. அந்தப் பேச்சில் சொன்னால்தான் எனக்கு மண்டையில் ஏறும்.

நாளாகும் என்பது எனக்குப் பிடிக்காத சொல். அதற்குள் கை என்னைச் சந்தி சிரிக்க வைத்தது. கொட்டாவி விட்டால் எழும்பும், இருமினால் துள்ளும். ஒரு நாள் மிளகாய் வற்றல் மூட்டையைப் பிரித்துத் தும்மினேன். கை விருட்டென்று எழுந்தது. எதிரே நின்ற பஞ்சாபி அம்மா பின்வாங்கி, "மாரோகே க்யா, பையா?" என்றார், அடிக்கப் போகிறாயா என்று. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மறுநாளே கையைத் துணியில் கட்டிக்கொண்டு கடையின் பின்பக்கம் உட்கார்ந்துவிட்டேன். பயிற்சிக்கும் போகவில்லை. கை இருந்தும் இல்லாதவன் என்று முடிவுகட்டிவிட்டேன்.

மூன்றாம் ஞாயிறு, கூட்ட நேரத்தில் எஸ்தரம்மா வந்து நின்றார். "வியாவாரத்துல ஒரு கிராம் விட மாட்டிய. கைய மட்டும் முழுசா விட்டுக் குடுத்துட்டியளோ?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். கட்டை அவிழ்த்தார். "சரக்கு பேரச் சொல்லிக்கிட்டே மடக்குங்க."

"அது எதுக்கு?"

"பேசுதப்போ மூச்சு வெளியதான் போவும். மூச்சு ஒதவாது. அப்போ கை ஒங்ககிட்டதான கேட்டாவணும்?"

சுண்டைவத்தல், மணத்தக்காளி, மோர்மிளகாய் என்று அடுக்கினேன். கை மரக்கட்டையாகக் கிடந்தது. இப்படியே எத்தனையோ ஞாயிறு. வீண் வேலை என்று அவர் முகத்துக்கு நேராகவே சொன்னேன். "வீணாப் போனா என் நேரம்லா. நீங்க சொல்லுங்க" என்பார்.

ஒரு ஞாயிறு, வழக்கமாக வருபவர் ஒருவர் நல்லெண்ணெய் கேட்டார். "நேத்தே தீந்துபோச்சு, நாளைக்கு சரக்கு வரும், காலையில வாங்க" என்று விளக்கிக்கொண்டிருந்தேன். எஸ்தரம்மா கருவாடு பொறுக்குவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். அப்புறம்தான் நானும் குனிந்து பார்த்தேன். முழங்கை மடங்கியிருந்தது. பேச்சு நடுவிலேயே நின்றது.

"பேச்ச நிறுத்தாதிய அண்ணாச்சி," என்றார். சட்டென்று திரும்பிக் கருவாட்டைக் குறை சொல்ல ஆரம்பித்தார்.

விரல்கள் எனக்கு இன்றும் சரியாக மூடாது. அதை அவர் மறைத்ததே இல்லை. "வராததச் சொல்லி ஏமாத்த மாட்டேன்" என்பார்.

கல்லறைத் தோட்டத்தில் இடக்கையால் மண்ணை அள்ளி வலது உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். விக்கி விக்கி அழுதேன். நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. கை துள்ளவில்லை. என் முறை வரும்வரை கிடந்தது. குழியில் மண் போட நான் தூக்கியபோது எழுந்தது.

எஸ்தரம்மா விட்டுப்போனதில் என் பங்கு இதுதான்: நான் நினைத்தால் மட்டும் மடங்குகிற ஒரு முழங்கை.