கன்றுக்குத் தடவிய வெல்லம்

சித்தி முறையில் 'மாஷி' என்று கூப்பிடும் பக்கத்து ஃப்ளாட் பெங்காலிப் பெண்ணின் வீட்டிலிருந்து என் மகள் இன்று கன்னத்தில் ஈச்சவெல்லத்தோடு, பெங்காலியில் பேசிச் சிரித்துக்கொண்டே வந்தாள். என்னிடம் அவள் அப்படிச் சிரித்து நாளாகிறது.

அந்த வெல்லத்தின் புகை மணம் என்னை நான் வளர்ந்த டாக்குரியா ரயில் பாதையோரத்துக்கு இழுத்துப்போனது. இன்று அடுக்குமாடிகள் நிற்கும் அங்கே அன்று ஈர வைக்கோலும் வறட்டிப் புகையும் எருமைகளின் செருமலுமாக மாட்டுக்கொட்டகைகள் இருந்தன. தம்பி பிறந்த குளிர்காலம் அது. அம்மாவின் மடி அவனுக்கென்று ஆகிவிட, பால் வாங்கும் சாக்கில் நான் அங்கேயே நின்றுகொண்டிருப்பேன்; ஏனென்றால் முதல் ஈற்றுப் பசு ஒன்று தன் கன்றை அண்டவிடாமல் உதைத்துக்கொண்டிருந்தது, அந்தக் கன்று எனக்குத் துணையாக இருந்தது.

ஒரு காலை பால்காரர் கன்றின் முதுகில் வெல்லத்தையும் உப்பையும் குழைத்துத் தடவினார். "தேக்கோ பேட்டி" என்று என்னையும் பார்க்கச் சொன்னார். பசு முகர்ந்தது, ஒருமுறை நக்கியது, பிறகு சொரசொரவென்ற அந்த நாக்கு நிற்கவேயில்லை. கன்று என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. பொறாமையாக இருந்தது.

வீட்டுக்கு வந்து, கன்னத்தில் வெல்லத்தை அப்பிக்கொண்டு அம்மாவின் எதிரில் போய் நின்றேன்.

"என்னடி கோலம் இது? எறும்பு மொய்க்கும், போய் அலம்பிக்கோ" என்றபடி தம்பியை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டாள்.

இப்போது மகளின் கன்னத்தைத் துடைக்கக் கை நீட்டினேன். எறும்பு மொய்க்கும் என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, அந்த வெல்லத்தின் மேலேயே முத்தமிட்டேன்.

"மா, ச்சீ!" என்று நெளிந்தவள் விலகிப் போகவில்லை. மாஷி வீட்டு வெல்லம்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.