ஒரு சிரிப்புக்கான பங்கு

என் தங்கை புருஷனுக்கு ‘மெதுவா’ என்று பட்டப்பெயர் வைத்தது நான்தான் என்று யூனிட்டில் ஒரு பேச்சு உண்டு. வைத்தது கேமராமேன். பரப்பியது மட்டும்தான் நான். டிவி தொடர் எடுக்கிற இடத்தில் எல்லாரும் “சீக்கிரம், சீக்கிரம்” என்று தொண்டை கிழியக் கத்துவார்கள். டைரக்டரான இவர் ஒருவர்தான் “மெதுவா, மெதுவா” என்பார். அதைக் கேட்டாலே தயாரிப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். நடிகர்களுக்கு மட்டும் இவரை ரொம்பப் பிடிக்கும். இவர் வேலை செய்கிற நாளில் அவர்கள் உட்கார்ந்து சாப்பிடலாம்.

நான் லைட்மேன். விளக்கைத் தூக்கி, நிறுத்தி, திருப்பி, “இல்லப்பா, அந்தப் பக்கம்” என்றதும் மறுபடி தூக்குகிறவன். டைட்டிலில் என் பெயர் வரும்போது கண்ணை இமைத்தால் போயிற்று. என் தங்கைக்கும் அதே தளத்தில் வேலை, நடிகைகளுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பது. அவளும் மாப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த விஷயம் டீ கொண்டுவருகிறவர் வரைக்கும் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. விளக்குக்கு அடியில் இருட்டு என்று சும்மாவா சொன்னார்கள்!

கல்யாணம் ஆகி ஒரு பையன் பிறந்தான். மூன்று மாதக் குழந்தையாக இருக்கும்போதே தொடரில் ஒரு தடவை நடித்தான். நடித்தான் என்பது பெரிய வார்த்தை. ஏற்பாடு செய்திருந்த குழந்தைக்கு அன்றைக்குக் காய்ச்சல். கதாநாயகி தன் குழந்தையை முதல்முதலாகக் கையில் வாங்கும் காட்சியை எடுத்தே ஆகவேண்டும். உடை அறையில் தங்கை பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். எல்லார் கண்ணும் அங்கே போயிற்று. பிள்ளை கதாநாயகியின் கையில் போய்ப் படுத்து, நாக்கை நீட்டிக்கொண்டு ஒரு சிரிப்பு சிரித்தான். பதினோரு விநாடி.

இரண்டு வயது முடிவதற்குள் மூளைக்காய்ச்சலில் போய்விட்டான். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

அழுது தீர்த்திருந்தால் தேவலை. இருவரும் அழவில்லை. அவனுடைய போட்டோக்களைத் தங்கை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு என் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். “உங்ககிட்ட இருக்கட்டும் அண்ணா” என்றாள், அதோடு சரி. பின்னாலேயே டிவியும் வந்து சேர்ந்தது. டிவி டைரக்டர் வீட்டில் டிவி கிடையாது என்று நான் முன்பெல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லுவேன், பிறகு விட்டுவிட்டேன். பிள்ளையின் பெயர் அந்த வீட்டில் புழங்குவதில்லை. மாப்பிள்ளை வேலைக்குப் போவார், வருவார். சாப்பாட்டில் உப்புப் போட மறந்தாலும் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவுவார். தங்கை தைத்துக்கொண்டே இருப்பாள். போய் உட்கார்ந்தால் எனக்கு மூச்சு முட்டும். அதற்காகப் போகாமலும் இருக்க முடியவில்லை.

அவர்கள் வீட்டில் டிவி இல்லாததற்குக் காரணம் அந்தப் பதினோரு விநாடிதான். கதையில் அந்தக் குழந்தை தொலைந்துவிடுகிறது. அதனால் கதாநாயகி அழும்போதெல்லாம் பழைய ஞாபகமாக அந்த ஷாட்டைப் போடுவார்கள். அந்த அம்மாள் அழாத வாரம் கிடையாது. தொடர் முடிந்தது. மறு ஒளிபரப்பு வந்தது. வேறு வேறு மொழிகளில் குரல் கொடுத்து, நாங்கள் கேள்விப்படாத சேனல்களில் எல்லாம் ஓடியது. எந்த மொழியில் போட்டாலும் பிள்ளைக்குக் குரல் மாற்றத் தேவையில்லை.

இப்படி ஓடியதற்கெல்லாம் டைரக்டர்களுக்குக் காலணா வந்ததில்லை. அவர்கள் சங்கம் பல வருஷம் மல்லுக்கட்டி, பழைய தொடரைத் திரும்பப் போட்டால் ராயல்டி என்று சேனல்களை ஒப்புக்கொள்ள வைத்தது. மொத்தமாகச் சங்கத்துக்கு வரும், சங்கம் பங்கு பிரிக்கும். லைட்மேனுக்கு அதில் ஒன்றும் கிடையாது. சரி, என் வயிற்றெரிச்சலை விடுங்கள். எபிசோடின் டைட்டிலில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குப் பணம் போகும். ஒருவர் எடுத்த ஷாட்டை வேறு எபிசோடில் ஒட்டியிருந்தால், அத்தனை விநாடிக்கான பங்கு ஷாட்டை எடுத்தவருக்கு. இரண்டு பேர் உரிமை கேட்டால் பேசி முடித்துக் கையெழுத்துப் போடவேண்டும். முடியாவிட்டால் அந்தப் பங்கு யாருக்கும் போகாமல் சங்கத்திலேயே கிடக்கும். பங்கு போடும்போதெல்லாம் போனுக்கு ஒரு செய்தி வரும்: எந்த சேனல், எந்த மொழி, என்றைக்கு, எத்தனை விநாடி.

இதெல்லாம் நடைமுறைக்கு வந்த சமயத்தில் மாப்பிள்ளை ஒரு நாள் என் வீட்டுக்கு வந்தார். 

“மச்சான், அந்த ஷாட் எனக்கு வேணும்.”

எந்த ஷாட் என்று நான் கேட்கவில்லை. “அதுக்கு எவ்வளவு வரும்?” என்றேன்.

“ஒரு டீ குடிக்கலாம்.”

“பின்ன எதுக்கு?”

“எப்ப, எங்க போட்டாங்கன்னு சொல்லுவாங்க இல்ல” என்றார். “எங்கயோ சிரிச்சுக்கிட்டிருக்கான். நமக்குத் தெரிய மாட்டேங்குது.”

மழை வருமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னார். நான்தான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

ஒரு சிக்கல் இருந்தது. அந்தத் தொடருக்கு இரண்டு டைரக்டர்கள். ஒரு வாரம் இவர் எடுப்பார், மறு வாரம் தாடி எடுப்பார். தாடி என்றால் தாடி வைத்த இன்னொரு டைரக்டர். பிள்ளை சிரித்தது தாடியின் வாரத்தில். மாப்பிள்ளை அன்றைக்குத் தகப்பனாகத்தான் வந்திருந்தார். கைக்குழந்தையை வைத்து எடுக்கும்போது யாரும் ‘ஆக்‌ஷன்’ என்று கத்தமாட்டோம், பிள்ளை பயந்துவிடும். டைரக்டர் கையைத் தூக்கினால் கேமரா ஓடும், இறக்கினால் நிற்கும். அன்றைக்குத் தூக்கிய கை தாடியுடையது. மாப்பிள்ளை கேமராவுக்குப் பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டினார். அதைப் பார்த்துத்தான் பிள்ளை சிரித்தான்.

“தாடிகிட்ட நேரா விஷயத்தைச் சொல்லிக் கேளுங்க மாப்பிள்ளை. கல்நெஞ்சுக்காரன் இல்ல, குடுத்துடுவான்.”

“பிள்ளையச் சொல்லிக் கேக்க மாட்டேன்” என்றார். “நான்தான் எடுத்தேன்னு சொல்லப்போறேன்.”

பொய் சொல்வாராம், பிச்சை கேட்க மாட்டாராம். கௌரவம் எந்தச் சந்தில் போய் ஒளிந்துகொள்கிறது பாருங்கள்! என் வாயில் வந்ததை எல்லாம் சொல்லித் திட்டினேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, “சாட்சிக்கு நீங்க வரணும்” என்றார்.

சங்க அலுவலகம் ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது. அறை முழுக்க ரப்பர் வாடை. பங்கு பிரிக்கும் குழுவில் மூன்று பேர், அவர்களில் செயலாளர் அம்மாள்தான் பேசுவார். நகைச்சுவைத் தொடர் எடுக்கிறவர், நேரில் சிரித்து யாரும் பார்த்ததில்லை. தாடி எதிரே உட்கார்ந்திருந்தான். அந்தத் தொடர் முடியும் முன்பே வேறு நாட்டில் வேலை கிடைத்துப் போனவன், அப்போதுதான் திரும்பியிருந்தான். தாடி இப்போது வெள்ளையாகியிருந்தது.

“என் வாரம், என் பேரு. இதுல பேச என்னம்மா இருக்கு?” என்றான். “இவரு எடுத்தாராம்! இவரு ஒரு ஷாட் எடுக்கறதுக்குள்ள நான் பேரன் பேத்தி எடுத்துடுவேன்.”

குழுவில் இருந்த மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். மாப்பிள்ளை மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஷாட்டைப் போடுங்க” என்றார் செயலாளர் அம்மாள்.

கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்துப் போட்டார்கள். நான் மின்விசிறியைப் பார்த்தேன். கதாநாயகியின் மூக்கு உறிஞ்சல் கேட்டது, பிறகு அந்தச் சிரிப்புச் சத்தம். மாப்பிள்ளை கண்ணை எடுக்காமல் பார்த்தார் என்பது பக்கத்தில் இருந்ததால் தெரிந்தது. முகத்தில் ஒன்றும் இல்லை. முடிந்ததும் செயலாளர் அம்மாள் ஒரு நிமிஷம் எல்லாவற்றையும் மறந்து, “என்ன சிரிப்புடா சாமி” என்றார்.

பிறகு என்னிடம் திரும்பினார். “நீங்கதான லைட்? யார் கையக் காட்டினது?”

“நான் லைட்டைப் பாத்துக்கிட்டிருந்தேம்மா. கையை யாரு பாத்தா?”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறேன் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. “அப்ப ரெண்டு பேரும் ஒத்துப் போகலைன்னா இது இங்கயே கிடக்கும். யாருக்கும் பங்கும் வராது, தகவலும் வராது” என்றார்.

“கிடக்கட்டும்மா” என்றான் தாடி. “காசுக்காக இல்ல, பொய்க்கு நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. உண்மையைக் கொட்டிவிட நான் வாயைத் திறந்தேன். மேஜைக்குக் கீழே மாப்பிள்ளை என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். வலித்தது.

அதற்குள் தாடி, நின்றுபோயிருந்த படத்தைக் குனிந்து பார்த்தான். “ஏய், இது உன் பையன் இல்ல?” என்றான். “அடப்பாவி, மறந்தே போச்சே! அன்னிக்கு நீ சாவியை ஆட்டிக்கிட்டு நின்ன இல்ல? பையன் இப்ப என்ன படிக்கிறான்?”

டயர் கடையில் எதையோ சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏழாவது” என்றார் மாப்பிள்ளை.

“ஏழாவதா! உன்னை மாதிரி மெதுவா, இல்ல அம்மா மாதிரி சுறுசுறுப்பா?”

“அம்மா மாதிரி.”

“தப்பிச்சான்.” தாடியின் முகம் முழுக்கச் சிரிப்பு. “நீ எடுக்கலை, நான்தான் எடுத்தேன். அதை எழுதிக்கங்கம்மா. ஆனா பங்கு முழுசும் இவனுக்கே போகட்டும். அவன் பையன் சிரிச்சதுக்கு நான் காசு வாங்கவா? பேனாவைக் குடுங்க.”

படியிறங்கித் தெருவுக்கு வந்ததும் நான் கத்தினேன். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“பிள்ளையச் சொல்லிக் கேக்க மாட்டேன்னீங்களே!”

“கேக்கலையே. அவரு கேட்டாரு, சொன்னேன்.”

“இல்லாத பிள்ளைய ஏழாவது படிக்கிறான்னு சொல்ல எப்படி மனசு வந்துச்சு உங்களுக்கு?”

“அவருக்குத் தெரியாது மச்சான்” என்றார். “அவரு ஒருத்தர்கிட்டயாவது அவன் இருக்கட்டும்.”



செய்திகள் வரத் தொடங்கின. நான் கூட இருக்கும்போது வந்தால் படித்துவிட்டுப் போனைச் சட்டைப்பையில் வைப்பார். எங்கே என்று கேட்டால் சொல்லுவார், பெயரே வாயில் நுழையாத ஊராக இருக்கும். சந்தோஷப்பட்டாரா? அப்படி எதுவும் எனக்குத் தெரியவில்லை. சொல்லும்போது என் முகத்தைப் பார்த்துச் சொன்னார், அதுவே பெரிது. தங்கைக்கு இது எதுவும் தெரியாது.

அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் அவர்கள் வீட்டுக்கு ஒரு பார்சல் வந்தது. நானும் அங்கேதான் இருந்தேன். தங்கை நூலை அறுக்கிற கத்தரிக்கோலாலேயே பிரித்தாள். நீல நிறத்தில் ஒரு புதுப் பள்ளிக்கூடப் பை. உள்ளே ஒரு அட்டையில், ‘எட்டாவது போகும் என் நடிகனுக்கு, தாடி மாமா’ என்று எழுதியிருந்தது.

தங்கை இரண்டு தடவை படித்தாள். என்னைப் பார்த்தாள். நான் செருப்பைத் தேடினேன்.

“இருங்க அண்ணா” என்றாள்.

மாப்பிள்ளை வந்ததும் பையைப் பார்த்தார். சுற்றி வளைக்கவில்லை. சங்கம், ஷாட், தாடி கேட்டது, தான் சொன்னது, எல்லாவற்றையும் நின்றவாக்கிலேயே சொல்லி முடித்தார். இத்தனை வருஷமாக அந்த வீட்டில் யாரும் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. வீடு இரண்டாகப் போகிறது என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

“ஏழாவதுன்னா சொன்னீங்க?” என்றாள் தங்கை.

“ஆமா.”

“எப்படி ஏழாவது வரும்?”

“ஆறு வயசு ஆகட்டும், அப்புறம் சேக்கலாம்னு…” என்று இழுத்தார் மாப்பிள்ளை. “சின்னப் பிள்ளைய எதுக்குச் சீக்கிரமே கொண்டுபோய் விடணும்?”

“ஆறு வரைக்கும் வீட்ல வச்சுக்கிட்டு என்ன பண்றதாம்? அஞ்சு முடிஞ்ச உடனே நான் சேத்திருக்கேன்.” அவள் குரல் உயர்ந்தது. “போன வருஷமே அவன் எட்டாவது.”

மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்தார். தங்கை பையின் தோள்வார்களை இழுத்து, எவ்வளவு நீளம் போகுமோ அவ்வளவும் விட்டுப் பார்த்தாள்.

“அவருக்குப் போன் போடுங்க” என்றாள். “ஒன்பதாவதுன்னு சொல்லுங்க.”